பலதரப்பட்ட மாந்தர் கொண்ட மிகைபுனைவை எப்படி முன்வைப்பது?

மாந்தரில் பலர் வெள்ளையரல்லாதவர் என்பதால் உங்கள் ஆங்கில நாவலைப் ‘பன்முக மிகைபுனைவு’ (diverse fantasy) என்று குறிப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் அது ஒரு வகைமையே அன்று. எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களை அணுகும் அமெரிக்க இலக்கிய முகவருக்கு அனுப்பும் ஏறத்தாழ 300 சொல் அறிமுகக் கடிதத்தில் வகைமை, வாசகர் வயது, நாவலின் மொத்தச் சொற்கள், உங்கள் நாவலை ஒத்த அண்மைய நூல்கள் ஆகியவற்றைச் சொன்னபின், நாயகிக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதற்கே இடம் போதாது.

ஆனால் பண்பாடே கதையை நகர்த்துமானால் அதைத் துல்லியமாகப் பெயரிடுங்கள். நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒக்கோராஃபோர், தம் எழுத்துக்கு ‘ஆஃப்ரோஃபியூச்சரிசம்’ (கறுப்பினத்தவரின் பண்பாட்டு நோக்கில் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் போக்கு) என்ற பெயர் பொருந்தவில்லை என்று கருதி, ஆப்பிரிக்க ஆன்மிக மரபுகளும் கற்பனையும் இழையும் மிகைபுனைவை ‘ஆப்பிரிக்கன்ஜூஜுயிசம்’ என்று 2019இல் வரையறுத்தார். உங்கள் பின்னணியைப் பற்றி, விரும்பினால் மட்டும், கடிதத்தின் இறுதியில் ஒரு வரி எழுதலாம்.