பின் டிஃபரென்ஷியலுக்கு எந்த ஆயில்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறேன். டிஃபரென்ஷியலுக்கு ஜி.எல்.-5 கேட்டால், கடைக்காரர் ஜி.எல்.-4 கேனை எடுத்து நீட்டி "இதுவும் 90, அதுவும் 90, ஒண்ணுதான்" என்கிறார். ஊற்றலாமா?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். டிஃபரென்ஷியல் என்பது இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி. 90 என்பது ஆயிலின் தடிமன். பல்லும் பல்லும் நசுங்கும் இடத்தில் ஆயில் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ஜி.எல். எண் சொல்கிறது. இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது சுழற்றும் பெரிய கிரவுன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தேய்க்கும். லோடு ஏறும்போது அந்த அழுத்தத்துக்கு வெறும் ஆயில் படலம் நிற்காது, ஜி.எல்.-5இல் கூடுதலாகச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள்தான் பல்லைக் காப்பாற்றும். மிச்சமாகும் ஜி.எல்.-5ஐ கியர்பாக்ஸில் ஊற்றிவிடவும் வேண்டாம். ஜி.எல்.-4 கேட்கும் கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது கெடுக்கலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும்.

கேள்வி: பின்னால் ஊளைச் சத்தம். 140 ஆயில் ஊற்றினால் அடங்கும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: 140 என்பது 90ஐவிடத் தடிமன், அதனால் சத்தம் கொஞ்சம் அடங்கலாம், தேய்மானம் அடங்காது. கழற்றி பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பீப்பாயிலிருந்து லூஸில் வாங்கினால் விலை குறைவு. பில் கேட்டால் "வரி சேரும், பரவாயில்லையா?" என்கிறார்கள்.

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு கடையில் சீல் வைத்த கேனையே பில் இல்லாமல் வாங்கினேன். திறந்தால், கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நெடி துளியும் இல்லை. திரும்பக் கொண்டுபோனால், "இது எங்க கடைச் சரக்கே இல்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். சீல் வைத்ததற்கே இந்தக் கதி என்றால், பீப்பாயில் இருப்பது என்ன தரம் என்று யார் சொல்வது? பேக் செய்த ஆயிலில் தயாரிப்பாளர் பெயர், அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். விற்ற பொருளுக்கு பில் தராததையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது.

கேள்வி: டிஃபரென்ஷியலுக்கு எத்தனை லிட்டர் வாங்குவது?

பதில்: எந்த வண்டி என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? புத்தகத்தைப் புரட்டுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். பழைய ஆயிலை வடிப்பதற்கு முன்பே, அந்த ஓட்டையை அடைத்திருக்கும் மேல் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்காவிட்டால் புது ஆயிலை ஊற்ற வழியில்லை.

கேள்வி: என் ஸ்விஃப்ட் காருக்கு "பின் டிஃபரென்ஷியல் ஆயில்" என்று பில்லில் 1,200 ரூபாய் போட்டிருக்கிறார்கள். சரிதானா?
– திருப்பூர் வாசகி

பதில்: பச்சை ஏமாற்று, அம்மா. ஸ்விஃப்ட் முன்சக்கரத்தில் ஓடும் வண்டி, பின்னால் டிஃபரென்ஷியலே கிடையாது. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்த பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915.