அண்ணாச்சி பதில்கள்: கடல்ல பாறை மட்டும் தெரிஞ்சா எந்த வருசம்?

கேள்வி: அண்ணாச்சி, காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கேன். பழைய ஓவியம், பழைய போட்டோ போட்ட போஸ்ட்கார்டு சேக்கணும்னு ஆசை. மாசம் 200 ரூவாதான் கையில மிஞ்சும். இதெல்லாம் பணக்காரங்க வேலைன்னு பிரெண்ட்ஸ் சொல்லுதாங்க.
- வாசகி, குழித்துறை

பதில்: அவங்க கெடக்காங்க மக்களே, 200 தாராளம். ஆனா பழசுன்னு கண்டதெல்லாம் வாங்க ஆரம்பிச்சா ரெண்டே மாசத்துல சலிச்சுரும், அதனால ஒரே ஒரு சங்கதியப் புடிச்சுக்க. நான் புடிச்சது நம்ம கன்னியாகுமரி. ஏன்னா கார்டுல ஒரு வருசமும் போட்டிருக்காது, ஆனா கடல் சொல்லிரும். படத்துல என்ன இருக்குன்னு பாக்காத, என்ன இல்லன்னு பாரு. பாறை மொட்டையா நிக்கா, விவேகானந்தர் மண்டபம் இல்லையா? 1970க்கு முந்தின படம். கரையில காந்தி மண்டபமும் இல்லன்னா 1956க்கும் முந்தி, அப்போ நாம திருவிதாங்கூர் பக்கம்லா, அந்த வருசம் நவம்பர் 1லதான தமிழ்நாட்டோட சேந்தோம். மண்டபம் இருக்கு வள்ளுவர் இல்ல, அப்போ ரெண்டாயிரத்துக்கு இந்தப் பக்கம் வராது. ரெண்டு பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் தெரிஞ்சா அது நேத்தைய கார்டு, 2024 டிசம்பர் கடைசியிலதான் தொறந்தாங்க. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க, இது படம் எடுத்த காலம்தான், கார்டு அச்சடிச்ச காலம் இல்ல. பழைய படத்தயே வருசக்கணக்கா திருப்பித் திருப்பி அடிச்சு வித்த கம்பெனி உண்டு.

எங்க கெடைக்கும்னா, கன்னியாகுமரியில சங்கு பாசிமாலை விக்கிற கடையில பழைய ஸ்டாக் இருக்கான்னு கேளு, வெயில்ல நிறம் போன செட்டு ஒண்ணு அடியில கெடக்கும். பழைய வீடு இடிச்சா பேப்பரெல்லாம் ஆக்கர் கடைக்குத்தான் எடைக்குப் போவுது, அங்க சொல்லி வை. அப்புறம் போஸ்ட்கிராஸிங்னு ஒண்ணு 2005லருந்து நடக்கு, நீ முகம் தெரியாத ஒருத்தருக்கு கார்டு போட்டா, வேற ஏதோ நாட்டுலருந்து உனக்கு ஒண்ணு வரும். மியூசியத்துல விக்கிற ஓவிய கார்டு எனக்கு அப்படி நெறைய வந்திருக்கு. பழைய படத்த புதுசா அடிச்ச கார்டு சேக்குறது ஒண்ணும் கேவலம் இல்ல, பழசுன்னு சொல்லி நம்ம தலையில கட்டாம இருந்தா சரி.

கேள்வி: அப்படித்தான் என் தலையில கட்டிட்டாங்களோன்னு பயமா இருக்கு. ரவிவர்மா லட்சுமி கார்டு, நூறு வருசம் பழசுன்னு சொல்லி 500 ரூவா வாங்கிட்டாங்க.
- வாசகர், பாறசாலை

பதில்: கடையில 500 ரூவா நோட்டு செக் பண்ற நீல லைட் இருக்குல்லா, மொதல்ல அதுக்கடியில கார்ட வைங்க, பக்கத்துலயே ஒரு ஜெராக்ஸ் பேப்பரும் வைங்க. பேப்பர் பளீர்னு நீலமா மின்னும். கார்டும் அதே மாதிரி மின்னுனா சோலி முடிஞ்சுது, பேப்பர்ல அந்த வெளுப்பு மருந்து சேக்குற பழக்கமே 1950 வாக்குலதான் வந்தது. மங்கலா இருந்தா பழசாயிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்து வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணுல மாட்டுற லென்ஸ வாங்கிப் பாருங்க. கல்லச்சுன்னா, அதாவது கல்லுல வரைஞ்சு அடிக்கிற பழைய முறைன்னா, நிறம் மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாம இருக்கும், ஆப்செட்டுன்னா, அதாவது இப்போ பிரஸ்ல அடிக்கிற முறைன்னா, குட்டிக் குட்டிப் புள்ளி பூ மாதிரி வரிசையா நிக்கும், அசல் போட்டோ பிரிண்டுல புள்ளியே இருக்காது. ஆனா புள்ளியப் பாத்ததும் புதுசுன்னு தீர்ப்பு எழுதிராதீங்க, 1900 வாக்குலயே புள்ளி அச்சு உண்டு, அதான் லைட்டையும் சேத்துப் பாக்கச் சொல்லுதேன்.

ரவிவர்மா பிரஸ்னு பேர் போட்டிருக்கேன்னு ஏமாறவும் வேண்டாம். 1894ல பம்பாயில ஆரம்பிச்ச பிரஸ், பொறவு லோணாவ்லா பக்கம் போயி, அவர் உசிரோட இருக்கும்போதே ஒரு ஜெர்மன்காரர் கைக்கு மாறிப்போச்சு. 1906ல ரவிவர்மா காலமானதுக்கு அப்புறமும் ரொம்ப காலம் அதே பேர்ல படம் வந்துட்டுத்தான் இருந்தது. தூரிகையில வரைஞ்சதப் பாக்கணும்னா உங்களுக்கென்ன, திருவனந்தபுரம் பக்கம்தான, மியூசியம் வளாகத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க.

கேள்வி: தாத்தாவோட அப்பா கொழும்புலருந்து போட்ட கார்டு டிரங்குப் பெட்டியில கெடச்சுது. படத்து மேலயே கிறுக்கி எழுதியிருக்கார், பின்பக்கம் அட்ரஸ் மட்டும்தான். விவரம் தெரியாம எழுதிட்டாரோ?
- வாசகர், களியக்காவிளை

பதில்: விவரமாத்தான் எழுதியிருக்கார். அன்னைக்கு ரூல் அப்படி, பின்பக்கம் அட்ரஸுக்கு மட்டும்தான், சேதி சொல்லணும்னா படத்து ஓரத்துலதான் இடம். பின்பக்கத்த நடுவுல கோடு போட்டுப் பிரிச்சது இங்கிலாந்துல 1902, பிரான்ஸ்ல 1904, ஜெர்மனியில 1905, அமெரிக்காவுல 1907. அதனால உங்க கார்டு அந்த மாற்றத்த ஒட்டின காலமா இருக்கலாம், சீல்ல தேதி தெரியுதான்னு பாருங்க. ஓரத்துல பிளாட்டே (Plâté) கம்பெனி பேர் இருக்கான்னும் பாருங்க, கொழும்புல 1890ல தொடங்கின போட்டோ கம்பெனி, இலங்கை கார்டு எக்கச்சக்கமா போட்டவங்க. தயவுசெஞ்சு ஸ்டாம்ப தண்ணியில ஊறவச்சு உரிச்சுராதீங்க, சீலும் ஸ்டாம்பும் போனா கார்டோட பாதி கதை போச்சு. அதே பெட்டியில சங்கு அச்சடிச்ச கார்டு இருந்தா அது திருவிதாங்கூர் அஞ்சல், 1951ல இந்தியத் தபாலோட சேந்த இலாகா, அதையும் பத்திரமா வைங்க.

கேள்வி: லேமினேட் பண்ணி வைக்கலாமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஐயோ வேண்டாம்! நான் பண்ணித்தான் கெட்டேன். எங்க அப்பா கையெழுத்து இருந்த கார்டு, நனையக்கூடாதுன்னு லேமினேட் பண்ணினேன், சூட்டுல மை மங்கி, பசை உள்ள எறங்கி, இப்போ பிரிக்கவும் முடியல வைக்கவும் முடியல. ஒட்டுற ஆல்பமும் ஆகாது, புது ரெக்சின் மாதிரி வாடை அடிக்கிற பிவிசி கவரும் ஆகாது. பாலிபுரொப்பிலீன் கவர்னு கேட்டு வாங்குங்க. நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை, அதனால பெட்டிய செவத்துல ஒட்டி வைக்காம அலமாரி நடுவுல வைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போடுங்க, வெயில் அடிக்கிற நாள்ல நெழல்ல வச்சு ஒருதடவ பொரட்டிப் பாருங்க. பூச்சி வந்தா ஓரத்துலதான் மொதல்ல கடிக்கும்.

கேள்வி: இதுல காசு பாக்கலாமா?
- வாசகர், தக்கலை

பதில்: பாக்க முடியாது.

கேள்வி: உங்ககிட்ட டபுளா இருக்கிற கார்டு ஒண்ணு எனக்கு அனுப்புவீங்களா அண்ணாச்சி?
- வாசகி, தக்கலை

பதில்: அனுப்புதேன், ஆனா கவர்ல போட மாட்டேன். ஸ்டாம்ப ஒட்டி அப்படியே பெட்டியில போட்டுருவேன், சீல் விழாத கார்ட நான் கார்டுலயே சேக்குறது இல்ல. போஸ்ட்மேன் படிச்சுட்டுத்தான் தருவார், அதனால உங்க வீட்டு விசேஷம் எதுவும் அதுல எழுத மாட்டேன். மொட்டப் பாறை கார்டு ரெண்டு இருக்கு, ஒண்ணு உங்களுக்கு.