ஜிம்னியை உயர்த்துவதற்கு முன் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து வீடு வரை இரண்டு கிலோமீட்டர் கல்பாதை. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கிறது. எங்கள் ஐந்து கதவு மாருதி ஜிம்னி அந்த மேட்டில் இடிக்கிறது. இரண்டு அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்), 30 மி.மீ. வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் வளையம்), பெரிய 235/75 ஆர்15 டயர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: மூன்றையும் சேர்த்துப் போட வேண்டாம். உங்கள் பாதைக்கு அவற்றில் இரண்டு தேவைப்படாது என்றே நினைக்கிறேன். வண்டியின் எந்த இடம் இடிக்கிறது என்று பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது என்பதால், செலவில்லாத ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள். அடிப்பகுதியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, முன்னும் பின்னும் ஆக்சிலில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூட்டிலும் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் கூடு), சேசிஸின் குறுக்குச் சட்டத்திலும், கியர்ப் பெட்டிக்கு அடியிலும் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுங்கள். அது காய்ந்ததும் வழக்கமான சுமையுடன் வீடு வரை ஓட்டிவிட்டு, எங்கே சுண்ணாம்பு சுரண்டப்பட்டிருக்கிறது என்று படுத்துப் பாருங்கள்.

ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த ஆக்சில்கள் இருப்பதால் இந்தச் சோதனை முக்கியமாகிறது. உயரமான ஸ்பிரிங் போட்டால் சேசிஸும் அதன்மேல் இருக்கும் உடலும்தான் மேலே போகும். ஆக்சிலும் டிஃபரன்ஷியல் கூடும் சக்கரத்தோடு சேர்ந்தவை, இருந்த உயரத்திலேயே இருக்கும். நிறுவனம் சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) டிஃபரன்ஷியலுக்குக் கீழே கூடுதல் இடம் வேண்டுமானால், அதைத் தரக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே. ஆகவே சுண்ணாம்பு டிஃபரன்ஷியலில் மட்டும் போயிருந்தால் இரண்டு அங்குல லிஃப்டால் உங்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. வண்டியின் நடுவயிற்றில் போயிருந்தால் கதை வேறு. மூன்று கதவு ஜிம்னியின் 2,250 மி.மீ. வீல்பேஸ் ஐந்து கதவில் 2,590 மி.மீ. ஆக நீண்டதால், மேட்டின் உச்சியைத் தாண்டும் கோணம் 28 பாகையிலிருந்து 24 பாகையாகக் குறைந்துவிட்டது. அந்தக் குறையை லிஃப்ட் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் நீங்கள் சொல்வது பாதையின் நீளவாக்கில் ஓடும் நடுமேடு. அதில் முதலில் உரசுவது பெரும்பாலும் டிஃபரன்ஷியல் கூடுதான்.

இனி டயர் கணக்கு. வண்டியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 235/75 ஆர்15 டயருக்கு அது 733.5 மி.மீ. விட்டத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும் என்பதால், டிஃபரன்ஷியல் 20 மி.மீ. மேலே போகும். அதற்காக விட்டுக்கொடுப்பதையும் எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஏறக்குறைய 6 சதவீதம் பெரிதாவதால் எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு இழுவை குறைந்தவையாகிவிடும். 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மட்டுமே கொண்ட இந்த எஞ்சின் கொண்டை ஊசி வளைவுகளில் கீழ்க் கியரைத் தேடும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் அதே அளவு தளரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 106 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டெப்னியையும் அதே அளவில் மாற்றினால் பின்கதவின் கீல்கள் கூடுதல் எடையைத் தாங்க வேண்டும். மாற்றாமல் பழைய அளவையே வைத்திருந்தால், நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டும் நாளில் பஞ்சரானால் விட்டம் மாறுபட்ட சக்கரத்தோடு ஓட்ட நேரும், அது முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கெடுதல்.

ஸ்பேசர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது: வேண்டாம். அகலமான டயர் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது உள்பக்கம், ஆக்சிலைச் சேசிஸோடு பிணைக்கும் ரேடியஸ் ஆர்மில் உரசும் என்பதற்காகத்தான் கடைகளில் ஸ்பேசரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் சக்கரம் வெளியே தள்ளிப்போனதும் அது திரும்பும் வட்டம் பெரிதாகி, உள்ளே தீர்ந்த உரசல் பம்பரின் மூலையில் முளைக்கும். பிறகு பம்பரை அறுக்கச் சொல்வார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் வீல் பேரிங்குக்கும். அதே சுமை 30 மி.மீ. தள்ளி நின்று அதை நெம்பும், ஸ்டீயரிங்கிலும் ஒவ்வொரு கல்லின் அடியும் கூடுதலாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு வண்டி, இடது பின்சக்கரத்தில் டக் டக் என்று சத்தம் வருகிறது என்று வந்தது. சக்கரத்தைக் கழற்றியபோது ஸ்பேசரைப் பிடித்திருந்த நட்டுகளைச் சுற்றிச் செம்மண் போலத் துருப்பொடி படிந்திருந்தது; நட்டு ஏறும் திருகுத் தண்டுகளான ஸ்டட்களில் இரண்டு முறிந்து உள்ளேயே நின்றன. ஸ்பேசரின் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதால், அவை தளர்ந்ததை அந்த உரிமையாளர் பார்க்க வழியே இல்லை. ஸ்பேசரின் நடுத்துளை சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான, ஜிம்னியின் 108 மி.மீ. ஹப்பில் கச்சிதமாக உட்காராவிட்டால் எல்லாச் சுமையும் ஸ்டட்களில்தான் விழும்.

லிஃப்ட் போடுவதென்றே தீர்மானித்தால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் போதாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உடல் மேலே போகும்போது ரேடியஸ் ஆர்ம்களின் கோணம் மாறி ஆக்சில் சற்றே உருண்டு, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் பழக்கத்தை இழக்கும், வேகத்தில் வண்டி அலையும், சில வண்டிகளில் ஸ்டீயரிங் கடுமையாக நடுங்கவும் தொடங்கும். அதைச் சரிசெய்ய கேஸ்டர் புஷ் வேண்டும். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு, உடல் உயர்ந்ததும் அதை ஒரு பக்கம் இழுத்துவிடுவதால், நீளத்தை மாற்றக்கூடிய ராடு வேண்டும். சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட்டையும் தாழ்த்தியாக வேண்டும். இவை எல்லாம் கடைக்காரர் தந்த விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் சுட்டிக்காட்டக்கூடியவையும் இத்தகைய மாற்றங்கள்தான்.

ஆகவே என் யோசனை இது. லிஃப்டும் ஸ்பேசரும் இல்லாமல், அதே ரிம்மில், தார்ச்சாலைக்கும் கல்பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். எந்தக் கேள்விக்கும் இடம்தராத வழி 195/80 ஆர்15 அளவிலேயே போடுவது. பொலேரோவுக்கு வரும் 215/75 ஆர்15 அளவை ஜிம்னியில் பலர் உரசலின்றி ஓட்டுகிறார்கள். அதன் விட்டம் 703.5 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் வேறுபாடு ஒன்றரை சதவீதம்தான், ஆனால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பதும் 5 மி.மீ. மட்டுமே, அதுவும் நிறுவனம் குறித்த அளவு அல்ல. மிச்சமாகும் பணத்தில் டிஃபரன்ஷியலுக்கு அடியில் எஃகுத் தகடு போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு ஆட்களையும் ஒரு கடப்பாரையையும் வைத்து, சுண்ணாம்பு உரசிய இடங்களில் மட்டும் அந்த நடுமேட்டை வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் பக்கத்துப் பள்ளங்களில் போட்டு இறுக்கிவிட்டு, அடுத்த மழைக்குப் பிறகு சோதனையை மறுபடி செய்துபாருங்கள்.