13, 25, 1: ஒரே ஹங்கேரியப் படைக்கு மூன்று எண்களா?

இரண்டாம் உலகப் போர் பற்றிய ஜெர்மன் நூலொன்றைத் தமிழாக்கம் செய்துவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நூலில் '13ஆவது ஹொன்வேத் டிவிஷன்', '25ஆவது எஸ்.எஸ். கிரெனேடியர் டிவிஷன்', '1ஆவது ஹங்கேரிய டிவிஷன்', 'ஹுன்யாடி' என்று நான்கு பெயர்கள் மாறி மாறி வருகின்றன. இவை அனைத்தும் ஒன்றுதானா? 'கிரெனேடியர்' என்பதைக் கையெறிகுண்டுப் படை எனலாமா? இதன் வீரர்களைத் தன்னார்வலர்கள் என்று எழுதலாமா?"

இவற்றுள் மூன்று பெயர்கள் ஒரே படையைக் குறிப்பவை. நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். அமைப்பினுடைய போர்ப்பிரிவு வாஃபென் எஸ்.எஸ். அதன் டிவிஷன் வரிசையில் இப்படையின் எண் 25. அவ்வரிசையில் ஹங்கேரியர்களைக் கொண்டு அமைக்கப்பட்டவற்றுள் முதலாவது என்பதால் 1. துருக்கியரிடமிருந்து 1456இல் பெல்கிரேடைக் காத்த யானோஷ் ஹுன்யாடியின் நினைவாகச் சூட்டிய பெயர் மூன்றாவது. '13ஆவது ஹொன்வேத்' மட்டும் வேறு. ஹங்கேரியின் தேசிய ராணுவமே ஹொன்வேத். அதன் 13ஆவது இலகு டிவிஷனிலிருந்து வந்த ஆட்களே புதிய படைக்குக் கருவாக அமைந்தனர். எனவே இதை மற்ற மூன்றுக்கும் மாற்றாக எழுதினால் பொருள் பிறழும். 13ஆவது இலகு டிவிஷன் ரஷ்யாவின் டான் ஆற்றங்கரையில் ஹங்கேரியின் இரண்டாம் ராணுவத்தோடு நின்றது. அந்த ராணுவம் 1943 ஜனவரியில் சிதைந்தபோது ஹுன்யாடி டிவிஷன் பிறக்கவே இல்லை.

அது பிறந்தது 1944 நவம்பரில். அவ்வாண்டு மார்ச் 19 அன்று ஜெர்மனி தன் கூட்டாளி நாடான ஹங்கேரியை ஆக்கிரமித்தது. அக்டோபர் 15 அன்று ஆட்சித் தலைவர் மிக்லோஷ் ஹோர்த்தி போர்நிறுத்தத்தை வானொலியில் அறிவித்தார். ஜெர்மானியர் அவருடைய மகனைக் கடத்திச் சென்று அவரைப் பதவி விலக வைத்தனர். ஆட்சியில் அமர்த்தப்பட்ட ஃபெரென்ஸ் சாலாஷியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சி, எஞ்சிய ஆட்படையை ஜெர்மனிக்குத் திறந்துவிட்டது. அதே நவம்பரில் 'ஹங்கேரியா' என்ற 26ஆவது டிவிஷனும் உருவானது. 25, 26 என்ற எண்களைக் கண்டு போரில் நெடுங்காலம் பழகிய படைகள் என்று வாசகர் எண்ணிவிடக்கூடும் என்பதால், முதல் குறிப்பிலேயே ஆண்டைச் சேர்த்துவிடுங்கள்.

'கிரெனேடியர்' என்ற சொல்லில் கவனம் தேவை. 1942 முதல் ஜெர்மன் தரைப்படையில் சாதாரணக் காலாட்படை வீரரின் பெயரே அதுதான். 'காலாட்படை டிவிஷன்' என்பதே பொருத்தமான தமிழ். மேலும், மூலத்தில் 'எஸ்.எஸ். டிவிஷன்' என்றில்லாமல் 'எஸ்.எஸ்.ஸின் ஆயுதக் கிரெனேடியர் டிவிஷன்' என்னும் பொருளில் பெயர் நீண்டிருப்பது தற்செயலன்று. ஜெர்மானிய இனத்தவர் அல்லாதோரின் படைகளை முழு உரிமையுள்ள எஸ்.எஸ். ஆக ஏற்காமல் தள்ளி நிறுத்திய இனவாதப் படிநிலை அந்தச் சொல்லமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. இதற்கு ஓர் அடிக்குறிப்பு அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி சைலீசியாவின் நாய்ஹாமர் முகாமில் நடந்தது. இன்று அது போலந்தின் ஷ்வியந்தோஷுவ். பட்டியலில் சுமார் 20,000 பேர் இருந்தும், ஆயுதமும் பயிற்சியும் பற்றாக்குறையாகவே இருந்தன. 1945 பிப்ரவரியில் சோவியத் ராணுவமான செம்படை நெருங்கியபோது ஒரு பகுதியினர் முகாமை ஒட்டிப் போரிட்டனர். பெரும்பான்மையோர் மேற்கே நகர்ந்து, மே மாதத் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஆட்டர்ஸே ஏரிப் பகுதியில் அமெரிக்கரிடம் சரணடைந்தனர். போர்க்கள வரலாறு இவ்வளவே.

ஆனால் இந்த டிவிஷனின் தளபதி யோசெஃப் கிராஷியின் பெயரை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். 1942 ஜனவரியில், இன்றைய செர்பியாவில் உள்ள நோவி சாத் நகரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் செர்பியரும் யூதருமாக 3,000க்கும் மேற்பட்டோரை ஹங்கேரியப் படையினரும் காவலரும் கொன்றனர். டான்யூப் ஆற்றின் பனிப்பாளத்தை உடைத்துப் பலரை அதற்குள் தள்ளினர். அந்தப் படுகொலைக்குப் பொறுப்பான அதிகாரிகளுள் ஒருவர் கிராஷி. ஹங்கேரிய ராணுவ நீதிமன்றமே அவரை விசாரித்தது. 1944 ஜனவரியில் அவர் ஜெர்மனிக்குத் தப்பியோடி எஸ்.எஸ்.ஸில் அடைக்கலம் பெற்றார். போருக்குப்பின் யூகோஸ்லாவியாவிடம் ஒப்படைக்கப்பட்டு 1946 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். சட்டத்துக்குத் தப்பிய ஒருவரின் கையில் இளம் வீரர்களின் டிவிஷனொன்று ஒப்படைக்கப்பட்டதை உங்கள் வாசகர் அறியாமல் போகக்கூடாது.

'தன்னார்வலர்கள்' என்று மொத்தமாக எழுதாதீர்கள். கொள்கைப் பிடிப்போடு வந்தவர்களும் இருந்தனர். ஹொன்வேத் பிரிவிலிருந்து மாற்றப்பட்டவர்களும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களும் இருந்தனர். எஸ்.எஸ்.ஸைக் குற்ற அமைப்பென அறிவித்த 1946ஆம் ஆண்டு நியூரம்பர்க் தீர்ப்பே, விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டு, குற்றம் எதுவும் புரியாதவர்களை விலக்கி வைத்தது. மூலநூல் தெளிவாகச் சொல்லாத இடத்தில் 'சேர்க்கப்பட்டவர்கள்' என்று எழுதுவதே நேர்மை.

இன்னொன்று: 'ஹங்கேரியிலிருந்து எஸ்.எஸ்.ஸுக்குச் சென்றவர்' என்று வரும் இடமெல்லாம் ஹுன்யாடி டிவிஷனைக் குறிக்காது. ஹங்கேரியில் வாழ்ந்த ஜெர்மன் மொழியினர் இரு அரசுகளின் ஒப்பந்தங்களின்படி 1942 முதலே எடுக்கப்பட்டனர். அவர்களில் பலர் சேர்க்கப்பட்ட 22ஆவது குதிரைப்படை டிவிஷன் 1945 பிப்ரவரியில் புடாபெஸ்ட் முற்றுகையில் அழிந்தது. ஆளின் பெயரோடு ஆண்டையும் இடத்தையும் ஒப்பிட்ட பிறகே டிவிஷனின் பெயரை எழுதுங்கள்.