நிரல் யார் பெயரில் இருக்கிறது? – நுகர்வோர் கேள்வி-பதில்

மென்பொருள் குழுக்கள் நிரலைச் சேமித்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவு வைத்துக்கொள்ளும் தளங்களைப் பற்றிச் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விலைகள் தளங்கள் டாலரில் அறிவித்தவை. பணம் கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருக்கிறோம். கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் மூன்றில் எதற்குச் சந்தா கட்டலாம்?
– வாசகர், கோவை

இப்போதைக்கு எதற்கும் கட்ட வேண்டாம். மூன்றிலும் இலவசத் திட்டம் உண்டு. நான்கு பேருக்கு அது போதும். ஆனால் தேர்ந்தெடுக்கும்போதே ஆறாவது ஆள் வேலைக்குச் சேரும் நாளையும் யோசியுங்கள். பிட்பக்கெட்டின் இலவசம் ஐந்து பேரோடு நின்றுவிடும். கிட்லேப்பிலும் வெளியார் பார்க்க முடியாத குழுவுக்கு ஐந்து பேர்தான் வரம்பு. கிட்ஹப் 2020 ஏப்ரலில் ஆள் வரம்பையே எடுத்துவிட்டது.

கட்டணத்துக்கு மாறும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். கிட்ஹப்பின் டீம் திட்டம் ஆளுக்கு மாதம் 4 டாலர், கிட்லேப்பின் பிரீமியம் 29 டாலர். ஏழு பேருக்கு ஒன்றில் 28 டாலர், மற்றதில் 203. கிட்லேப்பிலும் 4 டாலர் திட்டம் ஒன்று இருந்தது; 2021இல் அதை விற்பதை நிறுத்திவிட்டார்கள். பிரீமியத்தில் கூடுதலாகக் கிடைப்பதும் உண்மைதான்: தானியங்கிச் சோதனைகளை மாதம் 10,000 நிமிடம் ஓட்டலாம், கிட்ஹப் டீமில் 3,000. நான்கைந்து பேர் கொண்ட குழு அந்த 3,000 நிமிடத்தையே தீர்ப்பது அரிது.

கிட்ஹப் இலவசத் திட்டத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. வெளியார் பார்க்க முடியாத ‘மூடிய’ ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் பெட்டகம்) முதன்மை பிராஞ்சை, அதாவது எல்லாருடைய வேலையும் வந்து சேரும் பிரதியை, பூட்டிவைக்க முடியாது. யாரும் யாரிடமும் காட்டாமல் அதில் நேராக எழுதலாம். அவசரத்தில் ஒருவர் ‘ஃபோர்ஸ் புஷ்’ கொடுத்து, இருப்பதை மீறித் தன் பிரதியைத் திணித்தால், இன்னொருவர் காலையிலிருந்து செய்த வேலை அந்தப் பிராஞ்சிலிருந்தே மறைந்துபோகும். அந்தப் பூட்டுக்காகவே 4 டாலர் கொடுக்கலாம். கிட்லேப்பில் அது இலவசத்திலேயே கிடைக்கிறது. ஆகவே ஐந்து பேரைத் தாண்டப்போவதில்லை என்றால் கிட்லேப், வளரப்போகிறீர்கள் என்றால் கிட்ஹப். ஜிராவில் ஏற்கெனவே வேலைப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பிட்பக்கெட்.

வீடியோக் கோப்புகளையும் டிசைன் கோப்புகளையும் கிட்ஹப்பில் ஏற்றினால் மறுக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஈரோடு

இல்லை. சாதாரணமாக ஏற்றும் கோப்பு 100 எம்பியைத் தாண்டக்கூடாது என்று தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பெரிய கோப்புகளுக்கு ‘கிட் எல்எஃப்எஸ்’ என்ற தனி வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மதுரையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஆர்டர் எடுக்க ஒரு செயலி செய்து தரச் சொல்லி, தனியாக வேலை எடுத்துச் செய்யும் இளைஞர் ஒருவருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். செயலி ஓடுகிறது. ஆனால் நிரல் அவருடைய கிட்ஹப் கணக்கில் இருக்கிறது. என் மின்னஞ்சலையும் அதில் சேர்த்திருக்கிறார். இப்போது சின்னத் திருத்தத்துக்கும் 40 ஆயிரம் கேட்கிறார். வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றால், நிரல் தன்னுடையது என்கிறார். பணம் கொடுத்தவன் நான் இல்லையா?
– வாசகர், மதுரை

நீங்கள்தான். உங்கள் கோபம் நியாயமானது. இதைப் படித்து முடித்ததும் கடிதம், வக்கீல், வாக்குவாதம் எதையும் தொடங்காதீர்கள். முதலில், விவரம் தெரிந்த ஒருவரை உங்கள் கணினியில் உட்காரவைத்து, உங்கள் மின்னஞ்சலுக்குள்ள அனுமதியைக் கொண்டே அந்த ரெப்போவை முழு வரலாற்றோடு குளோன் செய்து, அதாவது நகலெடுத்து, ஒரு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை தொடங்கினால் அவர் உங்களை அதிலிருந்து நீக்கிவிடுவார். நீக்கினால், நீங்கள் கிட்ஹப்பிலேயே எடுத்துவைத்த நகலும் போய்விடும். உங்கள் டிஸ்க்கில் இருப்பது போகாது. அடுத்து, செயலி ஓடும் சர்வர், டொமைன் பெயர், ப்ளே ஸ்டோர் கணக்கு மூன்றும் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள். அவையும் அவர் பெயரில் இருந்தால் நிரல் மட்டும் கையில் இருந்து பயனில்லை. பணம் போன ரசீதுகள், வாட்ஸாப்பில் வேலையை ஒப்புக்கொண்ட செய்திகள் எல்லாவற்றையும் சேமித்துவையுங்கள்.

இனி சட்டம். கேட்கக் கசப்பாக இருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதும் நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்பவருக்கு இது பொருந்தாது. பணம் முழுவதையும் நீங்கள் கொடுத்திருந்தாலும், எழுதியவரே முதல் உரிமையாளர். உரிமை உங்கள் பெயருக்கு மாற, கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அந்த ஆவணத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கிய செயலியைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்று வாதாட நிச்சயம் இடமிருக்கிறது. அதனால் ஒரு வக்கீல் நோட்டீஸ் மூலம், நியாயமான ஒரு தொகைக்கு உரிமைமாற்றப் பத்திரம் எழுதி வாங்கப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் தீரும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், இது வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்காக மட்டும் வாங்கியதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கமாகக் கருதுவதில்லை. கடையில் நீங்களே நின்று வியாபாரம் பார்ப்பவர் என்றால் அதைச் சொல்லுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

செயலி செய்யக் கொடுக்கப்போகும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மதுரைக்காரர் நிலையில் இருக்கும் கடைக்காரர்களும் பள்ளி நிர்வாகிகளும் மருத்துவர்களும் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு கடிதமும் என்னை வருத்துகிறது. எந்தத் தளம் நல்லது என்று பத்து நாள் விசாரிக்கிறீர்கள். கணக்கு யார் பெயரில் என்று ஒரு நிமிடம் கேட்பதில்லை. வேலை தொடங்கும் முன்பே உங்கள் நிறுவன மின்னஞ்சலில் நீங்களே கிட்ஹப்பில் ஒரு ‘ஆர்கனைசேஷன்’ தொடங்குங்கள். கிட்லேப்பில் அதற்குக் ‘குரூப்’ என்று பெயர். காசு செலவில்லை. அதில் இரண்டு பேரை ‘ஓனர்’ ஆக்குங்கள், இரண்டு பேரும் உங்கள் ஆட்களாக இருக்கட்டும். நிரல் எழுதுபவரை எழுதும் அனுமதியோடு மட்டும் சேருங்கள். ஒவ்வொரு தவணைப் பணத்தையும், அந்தத் தவணைக்குரிய வேலை உங்கள் ரெப்போவில் வந்து சேர்ந்த பிறகே கொடுங்கள். வீட்டுமனை வாங்கும்போது பத்திரம் யார் பெயரில் என்று பார்க்காமல் யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. இதிலும் அந்த அக்கறை வேண்டும். நேர்மையான டெவலப்பர்கள் இதற்குத் தயங்கவே மாட்டார்கள். தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சிறிய நிறுவனம் ஒன்று, ஒருமுறை 6,000 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுவதும் நிரல் சேமிப்பு என்கிறது. சேரலாமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். சர்வருக்கும் மின்சாரத்துக்கும் அவர்கள் மாதாமாதம் செலவழிக்க வேண்டும். உங்களிடம் ஒருமுறை வாங்கிய பணம் எத்தனை நாளுக்கு வரும்? நானும் இப்படி ஒரு வாழ்நாள் சந்தா வாங்கினேன். இரண்டாவது தீபாவளிக்குள் தளம் மூடப்பட்டது. பணத்தைக் கேட்க அந்த முகவரியில் ஆளே இல்லை.

எங்கள் நிறுவனத்தில் இருபது பேர். சொந்தமாக ஒரு சர்வர் வாங்கி அதில் கிட்லேப்பை நிறுவினால் சந்தாப் பணம் மிச்சம் என்கிறார் எங்கள் மேலாளர். சரியா?
– வாசகர், சென்னை

மென்பொருளுக்கு விலையில்லை என்பது சரி. கிட்லேப்பின் சமூகப் பதிப்பை யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். 8 ஜிபி ரேம் கொண்ட இயந்திரம் வேண்டியிருக்கும். இதே வேலையைச் செய்யும் கிட்டி, ஃபோர்ஜோ போன்ற மென்பொருள்கள் இன்னும் மிகச் சிறிய இயந்திரத்திலேயே ஓடும். ஆனால் உங்கள் மேலாளர் ஒரு செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பராமரிப்பவரின் சம்பளம்.

2024 ஜனவரியில் கிட்லேப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லை மாற்றும் மின்னஞ்சலை வேறு ஒருவரின் முகவரிக்கு வரவழைத்து, கணக்கையே கைப்பற்ற முடிந்தது. ஆபத்து அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து. திருத்தம் உடனே வெளியானது, ஆனால் சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் அதைத் தாங்களே நிறுவ வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாளில் உங்கள் அலுவலகத்தில் யார் உட்கார்ந்து நிறுவுவார் என்று மேலாளரிடம் பெயர் கேளுங்கள். பெயர் வராவிட்டால் சந்தாவே மலிவு.

பேக்கப் பற்றியும் கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்திலேயே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துக்குரிய இஷ்யூக்களும் (பிழை, வேலைக் குறிப்புகள்) கருத்துகளும் போய்விட்டன. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியே சொன்னது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

சர்வர் வாங்கியே தீருவோம் என்றால், ‘புதுப்பித்தது’ என்று விற்கும் பழைய இயந்திரங்களில் எச்சரிக்கையாக இருங்கள். எனக்கு ஒரு கடையில் அப்படி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். ஹார்ட் டிஸ்க்கின் உள்பதிவைத் திறந்து பார்த்தபோது 43 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகக் காட்டியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு நிற்காத ஓட்டம். பணம் கொடுக்கும் முன், கடையிலேயே அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு வந்த மாணவர் எங்கள் கிளவுட் கணக்கின் சாவியை (அதைத் திறக்கும் ரகசியக் குறியீடு) எல்லாரும் பார்க்கும் ரெப்போவில் போட்டுவிட்டார். மறுநாள் கவனித்து அந்த வரியை அழித்தோம். ஆனாலும் யாரோ அதைப் பயன்படுத்திப் பெரிய பில் வந்திருக்கிறது. தளத்தின் மீது வழக்குப் போடலாமா?
– வாசகர், சேலம்

முடியாது. எல்லாருக்கும் காட்டச் சொன்னீர்கள், தளம் காட்டியது. வரியை அழித்தால் சாவி போய்விடும் என்று எப்படி நம்பினீர்கள்? பழைய கமிட்டுகள், அதாவது மாற்றப் பதிவுகள், அனைத்தையும் வைத்திருப்பதுதான் இந்தக் கருவியின் வேலையே. பொது ரெப்போக்களில் சாவி தேடி அலையும் நிரல்களும் மறுநாள்வரை காத்திருப்பதில்லை. முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது சாவியையே ரத்து செய்வது. இன்னும் செய்யவில்லை என்றால் இப்போது செய்யுங்கள்.

மூடிய ரெப்போ என்றாலும் இதே கதிதான். 2016இல் ஊபர் நிறுவனத்தின் மூடிய கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள் அங்கே கிளவுட் சாவியைக் கண்டெடுத்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். உங்கள் பில் பற்றிக் கிளவுட் நிறுவனத்துக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிக் கேளுங்கள். சில சமயம் குறைத்துத் தருகிறார்கள். மாணவரைத் திட்டாதீர்கள். அவர் கையில் அந்தச் சாவியைக் கொடுத்தது யார்?

கைபேசி தொலைந்துவிட்டது. கிட்ஹப் இரண்டாம் கட்டக் குறியீடு கேட்கிறது. மீட்புக் குறியீடுகளை எங்கும் சேமிக்கவில்லை.
– வாசகர், வேலூர்

வேறு மீட்பு வழி எதுவும் முன்பே பதிவு செய்யவில்லை என்றால் அந்தக் கணக்கு போனதுதான். உதவி மையமும் திறந்து தராது. அதை அவர்கள் முன்பே சொல்லித்தான் குறியீடுகளைத் தருகிறார்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றே அவற்றை அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள்.

மாதச் சந்தா கார்டிலிருந்து தானாகப் போகவில்லை. கணக்கு இலவசத் திட்டத்துக்கு இறங்கி, வேலை இரண்டு நாள் நின்றது.
– வாசகி, ஓசூர்

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவை. ஆட்கள் கூடக் கூட உங்கள் தொகை அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை என்றாலும் தானியங்கிப் பிடித்தத்துக்கான ஒப்புதல் உங்கள் கார்டில் பதிவாகியிருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். தளத்தின் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போகின்றனவா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும்.

இந்தத் தளங்களே ஒருநாள் மூடிவிட்டால் எங்கள் நிரல் என்னாகும்?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

கேட்க வேண்டிய கேள்வி. கூகுள் நிறுவனமே தன் ‘கூகுள் கோட்’ தளத்தை 2016 ஜனவரியில் மூடியது. மைக்ரோசாஃப்ட் 2017இல் ‘கோட்பிளெக்ஸ்’ தளத்தை மூடியது. பிட்பக்கெட் 2020இல் மெர்க்குரியல் என்ற வேறு கருவியில் இயங்கிய ரெப்போக்களை நிறுத்தியது. அதை நம்பி வந்தவர்கள் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. 2014இல் ‘கோட் ஸ்பேஸஸ்’ என்ற தளத்தின் கிளவுட் கணக்கைக் கைப்பற்றியவர்கள் தரவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார்கள். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தன. நிறுவனமே முடிந்தது.

மாற்றங்களைப் பதிவு செய்ய இந்தத் தளங்கள் பயன்படுத்தும் ‘கிட்’ என்ற கருவியில் ஒரு நல்ல அமைப்பு உண்டு: குளோன் செய்த ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ஆகவே நிரல் பிழைத்துக்கொள்ளும். அதைச் சுற்றி உங்கள் குழு எழுதிச் சேர்த்தவை, அதாவது இஷ்யூக்கள், புல் ரிக்வெஸ்ட்டில் (ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) நடந்த விவாதங்கள், அனுமதிப் பட்டியல், அந்தக் குளோனில் வராது. இந்த வரி ஏன் இப்படி மாற்றப்பட்டது என்ற காரணம் பல சமயம் அங்கேதான் இருக்கிறது. எனவே வாரம் ஒருமுறை ‘மிரர்’ குளோன் ஒன்றை, அதாவது எல்லா பிராஞ்சுகளும் சேர்ந்த முழு நகலை, வேறு நிறுவனத்தின் சேமிப்பில் வையுங்கள். ஏற்றுமதி வசதி இருந்தால் இஷ்யூக்களையும் இறக்கி வையுங்கள். எந்தத் தளத்தில் சேரும்போதும், சேர்வது எப்படி என்று பார்ப்பதற்கு முன் வெளியேறுவது எப்படி என்ற பக்கத்தைப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம். பணம் இல்லை. எங்கே வைக்கலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பணம் தேவையில்லை. எல்லாரும் பார்க்கும் ரெப்போவுக்குக் கிட்ஹப்பில் தானியங்கிச் சோதனைகள் ஓட்டுவதும் இலவசம். பெருநிறுவனத்தை நம்ப விருப்பமில்லை என்றால் ‘கோட்பெர்க்’ இருக்கிறது. பெர்லினில் பதிவான லாப நோக்கற்ற சங்கம் நடத்துகிறது, ஃபோர்ஜோவில் ஓடுகிறது, கட்டற்ற மென்பொருளுக்கு மட்டுமே இடம். உங்களைப் போன்றவர்களுக்காகவே அதைக் கட்டியிருக்கிறார்கள். பங்களிப்பாளர்கள் நிறைய வேண்டுமென்றால் கிட்ஹப், ஆட்கள் அங்கேதான் அதிகம். எங்கே வைத்தாலும் லைசென்ஸ் கோப்பை முதல் நாளே சேருங்கள். அது இல்லாத நிரலை, இலவசமாகக் கிடைத்தாலும், மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை.