டியூட்டி லிஸ்ட்டில் எழுதப்படாத பெயர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணத்தில் 100 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளாகச் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் வார்டிலும் ஐ.சி.யூ.விலும் வேலை பார்த்தவள். நைட் டியூட்டிக்கு யாராவது வராமல் போனால், இன்னொருவரை வற்புறுத்த மனம் வராமல் நானே நின்றுவிடுகிறேன். சென்ற மாதம் மட்டும் ஆறு இரவுகள் அப்படி நின்றேன். வீட்டிலும் கைபேசி ஓய்வதில்லை. அண்மையில் ஒரு நோயாளி இறந்தபோது எனக்கு வருத்தமே தோன்றவில்லை. அந்தப் படுக்கைக்கு அடுத்து யார் வருவார் என்றுதான் நினைத்தேன். நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வழி சொல்லுங்கள்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, கல்நெஞ்சக்காரிக்கு இப்படியொரு கடிதம் எழுத வராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில், ‘பர்ன்-அவுட்’ எனப்படும் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது. உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம் வளர்தல் என்பவையே அவை. அந்நிறுவனம் இதை நோயாகக் கருதவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியது. ஆகவே உங்கள் மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த ஆறு இரவுகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அந்த இரவுகளில் நீங்கள் வேலை செய்தீர்கள் என்பது எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது? எழுதாத வேலை செய்யாத வேலை என்று செவிலியர் பயிற்சிக் காலத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளியின் கேஸ் ஷீட்டில் அதை ஒரு நாளும் தவறவிடாத நாம், நம்முடைய உழைப்பு என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். உங்கள் பெயர் டியூட்டி லிஸ்ட்டில் ஏறாதவரை, அந்த இரவு ஆள் குறைவில்லாமல் கழிந்ததாகவே நிர்வாகத்தின் கணக்கில் இருக்கும். அடுத்த ஆண்டு எத்தனை பேரை நியமிக்க வேண்டும் என்பதையும் அந்தப் பொய்க் கணக்கை வைத்தே முடிவு செய்வார்கள். விடுப்பில் போகிறவர்களின் இடத்தை நிரப்ப 30 விழுக்காடு கூடுதல் செவிலியர் வேண்டும் என்று இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல் சொல்கிறது. அந்தப் பங்கை நீங்கள் ஒருவரே சுமந்துகொண்டிருக்கிறீர்கள். கொள்ளிடக் கரையில் உடைப்பெடுத்தால் சவுக்குக் கழியை அடித்து மணல் மூட்டையை அடுக்குவார்களே தவிர, நல்ல பலசாலியாகப் பார்த்து ஓர் ஆளை அந்த இடத்தில் நிற்கவைத்து அடைக்க மாட்டார்கள்.

இந்த மாதத்திலிருந்து, நீங்கள் நின்ற ஒவ்வொரு மணி நேரத்தையும் லிஸ்ட்டில் உங்கள் பெயருடன் எழுதுங்கள். எத்தனை ஷிப்டுகளுக்கு ஆள் இல்லை, எதனால் இல்லை, யார் நின்றார்கள், அவர்களுக்கு மாற்று விடுப்பு கிடைத்ததா என்பதை மாத இறுதியில் ஒரே பக்கத்தில் தொகுத்து நிர்வாகத்திடம் நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குறை சொல்லும் தொனி அதில் வேண்டாம், எண்கள் போதும். ஒரு தாளில் எதுவும் மாறாமல் போகலாம். மூன்று மாதத் தாள்கள் மேசைமேல் கிடக்கும்போது, அடுத்த பத்துப் படுக்கைகளைக் கூட்டும் பேச்சு வந்தால், உங்களைக் கேட்காமல் முடிவெடுப்பது அவர்களுக்குக் கடினமாகும்.

கைபேசிக்கும் இதே முறைதான். ஆக்சிஜன் பிரச்சினை, ஊழியர் மீது தாக்குதல், எதிர்பாராத மரணம், ஆளே இல்லாத ஷிப்ட் என இரவில் அழைக்க வேண்டிய காரியங்களை எழுதி நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். மற்றவற்றை அந்த ஷிப்டின் மூத்த சிஸ்டர் முடிவு செய்யட்டும். அவர் தவறு செய்தால் காலையில் தனியே அழைத்துப் பேசுங்கள். இரவு அழைப்பை ஏற்கும் பொறுப்பையும், வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல, வார்டுப் பொறுப்பில் இருக்கும் மூன்று நான்கு செவிலியர்களுக்கு (இன்சார்ஜ்களுக்கு) முறை வைத்துக் கொடுங்கள்.

மரணத்தின்போது வராத வருத்தத்தைப் பற்றி என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடற்கரையைச் சூறையாடியபோது, நான் டெல்டாவில் ஒரு மருத்துவமனையில் வார்டு பொறுப்பில் இருந்தேன். அந்த நாள்களில் நான் ஒரு முறைகூட அழவில்லை. பொங்கல் கழிந்து கூட்டம் குறைந்த பிறகு, ஒரு தெர்மாமீட்டர் உடைந்ததற்காக ஒரு பயிற்சி மாணவியை எல்லார் முன்னிலையிலும் திட்டி அழவைத்தேன். என் மூத்த சிஸ்டர் என்னைக் கண்டிக்கவும் இல்லை, எதையும் துருவிக் கேட்கவும் இல்லை. கேன்டீனுக்கு அழைத்துப்போய்க் காபி வாங்கிக்கொடுத்து, “நாளையிலிருந்து நாலு நாளைக்கு உன் பேர் லிஸ்ட்ல கிடையாதும்மா” என்றார். அழுகை இரண்டாம் நாள் வீட்டில் வந்தது. துயரத்தைக் கண்டவரை அதை விவரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு 2011இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, அந்த அம்மையாரைத்தான் நினைத்துக்கொண்டேன். உங்கள் வருத்தமும் எங்கும் போய்விடவில்லை. அது வெளிவர நான்கு நாள் ஓய்வு வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விடுப்பில் இருக்கும்போதும் தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அது பணிச்சோர்வைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் செவிலியர் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு யோகா வகுப்பு நடத்துகிறோம், மே 12 செவிலியர் தினத்தில் பரிசும் கொடுக்கிறோம். அப்படியும் ஓராண்டில் மூன்று இன்சார்ஜ்கள் விலகிவிட்டார்கள். வேறென்ன செய்வது?
— நிர்வாக அலுவலர், மன்னார்குடி

பதில்: யோகா நல்லதுதான், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் பணிச்சோர்வை நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும், பணிச்சுமை, முடிவெடுக்கும் உரிமை, உழைப்புக்கான மதிப்பு, சக ஊழியர் உறவு, நியாயம், தொழில்மேல் கொண்ட மதிப்பீடுகள் என ஆறு இடங்களில் அதன் வேரைத் தேடச் சொன்னார்கள். முதல் இரண்டையும் யோகா வகுப்பு தொடாது.

டியூட்டி லிஸ்ட் எத்தனை நாளுக்கு முன் வெளியாகிறது என்று பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு முன்பே வெளியானால், இன்சார்ஜைத் தேடி வரும் கெஞ்சல்களில் பெரும்பகுதி நின்றுவிடும். சுழற்சி காலை, மாலை, இரவு என்ற வரிசையிலேயே போகட்டும். மாலை ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலையிலேயே வரச்சொல்லக் கூடாது. உங்கள் செவிலியரில் பலர் விவசாயக் குடும்பத்துப் பெண்களாக இருப்பார்கள். சம்பா நடவும் தை அறுவடையும் வீட்டில் அவர்களைக் கேட்கும். அதே மாதங்களில்தான் வயலிலிருந்து பாம்புக்கடிகளும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் காய்ச்சல்களும் உங்கள் வாசலுக்கு வரும். விடுப்புத் திட்டத்தை ஆடியிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரையும், பொருள்களைக் கேட்டு எழுதும் இன்டென்ட்டையும் தரச்சான்றுக்கான படிவங்களையும் எழுத ஓர் எழுத்தரை நியமியுங்கள். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள செவிலியரை நாள் முழுதும் பஞ்சுக் கட்டுகளை எண்ணவைப்பது எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் காட்சி.

கேள்வி: என் மனைவி வார்டு இன்சார்ஜாக இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. வேலையை விட்டுவிடு என்றால் கோபப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகர், திருவையாறு

பதில்: வேலையை விடச் சொல்லாதீர்கள், சிரமப்பட்டுக் கற்ற தொழிலை அற்பமாக்கும் சொல்லாகவே அது அவர் காதில் விழும். வந்தவுடன் அரை மணி நேரம் அவரிடம் யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயமும் பெரியவர்களின் மருந்து வேளைகளும் உங்கள் பொறுப்பாகட்டும். நைட் டியூட்டி முடித்து அவர் உறங்கும் பகலில் அறையை இருட்டாக்கி, மிக்சியையும் விருந்தாளிகளையும் மாலைக்குத் தள்ளிவையுங்கள். அந்தக் காலைகளில் தூக்கக் கண்ணோடு அவரை ஸ்கூட்டர் ஓட்ட விடாமல், நீங்களே போய் அழைத்து வாருங்கள்.