டி.சி. அப்புறம், முதலில் ஆபீசுக்குப் போங்கள்

கேள்வி: ஐயா, எனக்குப் பேரையூர் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம். பாடமெல்லாம் இங்கிலீஷ். ஒரு நாள் தமிழில் சந்தேகம் கேட்டேன், வகுப்பே சிரித்தது. அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். தமிழ்ப் புதல்வன் பணமும் எனக்கு மட்டும் வரவில்லை. நண்பர்களோடு வாடகை ரூமில் இருக்கிறேன், அப்பா ஆடு விற்றுத்தான் பணம் அனுப்புகிறார். பல நாள் கிளாசுக்குப் போகாமல் பெரியார் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். ராத்திரி தூக்கமில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாமா? கல்லூரியில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கவுன்சலிங் போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா?
பெயர் வேண்டாம், பேரையூர் வட்டம்

பதில்: தம்பி, திருப்பூர் எங்கேயும் ஓடிவிடாது. பனியன் கம்பெனி வேலையை நான் மட்டமாக நினைப்பவனும் இல்லை. ஆனால் பாடம், பணம், வாடகை, தூக்கம் என்று நாலும் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார். டி.சி. எழுதிக் கொடுப்பவர் அந்த நாலு பேரில் இல்லை.

பணத்திலிருந்து ஆரம்பிக்கலாம், சீக்கிரம் முடிகிற வேலை அதுதான். தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய். உங்கள் கூடப் படிக்கிறவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், கல்லூரி ஆபீசில் காலம் தள்ளியவன் என்ற முறையில் நான் முதலில் சந்தேகப்படுவது வங்கிக் கணக்கைத்தான். இந்தப் பணம் நீங்கள் ஃபாரத்தில் எழுதிய கணக்கு நம்பரைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்கென்று ஒரு கணக்கு, ஊர் தபால்காரர் சொன்னார் என்று தபால் வங்கியில் ஒரு கணக்கு, கல்லூரியில் சேர்ந்தபோது இன்னொன்று என்று பையன்களிடம் மூன்று பாஸ்புக் இருக்கும். பணம் ஏதோ ஒன்றில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும், இவன் வேறொன்றை ஏடிஎம்மில் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆதார் இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். எதுவுமே இணையவில்லை என்று வந்தால் வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள். கேஒய்சி கொடுத்தாயிற்று, அதுவே போதும் என்று கவுன்டரில் சொன்னால் விடாதீர்கள், அது வேறு, இது வேறு.

வங்கியில் எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு கல்லூரிப் பக்கம். இந்தத் திட்டத்துக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பொறுப்பு அலுவலர் உண்டு, நோடல் ஆபீசர் என்பார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு துறைப் பேராசிரியராக இருப்பார். உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, பள்ளி விவரம் ஒத்துப்போகிறதா என்பதை அவரால் பார்க்க முடியும். போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி, தமிழிலேயே, எழுதிக்கொண்டு போங்கள். கூட ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பிளஸ் டூ மார்க் ஷீட் நகல். எல்லாம் இரண்டு செட். ஒரு செட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதி போட்டுக் கையெழுத்தோ சீலோ வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துபோகும், தாளில் கொடுத்தது ஃபைலில் கிடக்கும். காலையில் கூட்டம் நெருக்கும்போது போகாதீர்கள், மூணு மணிக்கு மேல் கிளார்க் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுவார்.

அதே ஆபீசில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்குத் தனித்தனியே உதவித்தொகை இருக்கிறது. தமிழ்ப் புதல்வன் வாங்குகிறவர்கள் இதையும் வாங்கலாம். ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்று பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வாடகை ரூமை விடுங்கள் என்றுதான் சொல்வேன். அரசு விடுதியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று ஒரு விதி, பேரையூரிலிருந்து வருகிற உங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. 2025-ல் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், மதுரையில் இன்னும் பி.சி. ஹாஸ்டல் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சேர்க்கை வருட ஆரம்பத்தில்தான் நடக்கும். ஆனாலும் நடுவில் பையன்கள் விட்டுவிட்டுப் போவதுண்டு. காப்பாளரை நேரில் பார்த்துக் காலியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது இல்லையென்றால் ஜூனில் முதல் ஆளாக விண்ணப்பம் கொடுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். உங்களை உண்மையில் துரத்துவது அதுதான். சிரித்த வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பாடம் புரிந்திருக்காது. வாத்தியாராக இருந்த என் சிநேகிதர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். முதல் வருட பி.எஸ்சி.யில் வருகிற யங் குணகம், பரப்பு இழுவிசை, பாகுநிலை, நிலைமத் திருப்புத்திறன் எல்லாம் நீங்கள் பிளஸ் ஒன்னில் தமிழில் படித்துத் தேறியவைதான். கணக்குப் போடுகிற விதம் கொஞ்சம் கனமாகியிருக்கிறது, அவ்வளவே. தமிழ்நாட்டுப் பாடநூல் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியலைத் தமிழிலும் இங்கிலீஷிலும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். அதே பாடம், அதே படம், அதே வரிசை. தமிழில் ஒரு பத்தி படித்த கையோடு இங்கிலீஷில் அதே பத்தி. ஒரு மாதம் இப்படிச் செய்தால் கரும்பலகையில் எழுதுவது என்னவென்று பிடிபட ஆரம்பிக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்குப் பணம் கட்டாதீர்கள். அங்கே ஓட்டலில் தோசை ஆர்டர் பண்ணச் சொல்லித் தருவார்கள், உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

இன்னொன்று. இங்கிலீஷ் வழியில் நடத்தினாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பாடத்துக்கு அது பொருந்துமா என்பதைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். முடியும் என்றால் அந்த இரண்டு அரியரையும் தமிழில் எழுதிவிடலாம்.

பஸ் ஸ்டாண்டு உட்காரல் உடனே நிற்க வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் கட்டி மன்னிப்பு வாங்க வேண்டிவரும். அதற்கும் கீழே போனால் தேர்வெழுதவே விடமாட்டார்கள். அப்புறம் டி.சி. கேட்க நீங்கள் யோசிக்கவே வேண்டாம், அவர்களே யோசித்துவிடுவார்கள். லீவு நாளில் ரூமில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனிப் பகுதி உண்டு. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் உங்கள் மாதிரி ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான்.

தூக்கமில்லாததை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்லூரிக் கவுன்சலர் இருந்தால் போய்ப் பாருங்கள். கவுன்சலர் என்று போர்டு மட்டும் தொங்கி ஆள் இல்லாத கல்லூரிகளும் உண்டு. அப்படியானால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள். நேரில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டால் போதும். வீட்டுக்குச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பதினெட்டு முடித்தவர் என்றால், உங்கள் மனநல விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்தான் வீட்டை உள்ளே கொண்டுவருவார்கள். அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால் மேலே சொன்ன தாள், பாஸ்புக் எல்லாம் கிடக்கட்டும், இன்றைக்கே அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் முடியவில்லை, வீட்டில் கஷ்டம் தாங்கவில்லை என்றால் திருப்பூர் போங்கள், தப்பே இல்லை. அப்போதும் டி.சி. கேட்காதீர்கள். நடுவில் நின்று பிறகு மறுசேர்க்கை வாங்கித் தொடர வழியுண்டு. அதற்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்பாவிடம் அரியரை நீங்களே சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகும்போதே. அவருக்கு அரியர் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம், பையன் ஃபெயிலாகி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார். எத்தனை பேப்பர் பாஸ் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மீதி இரண்டை ஏப்ரலில் எழுதலாம் என்று சொல்லுங்கள். அதற்குக் கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று வெள்ளிக்கிழமையே ஆபீசில் கேட்டுக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.